சிங்கி காத்திருக்காது

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் சேலம், இப்போது கோவையில் வேலை. எங்கள் வீட்டில் மீன் என்றால் மேட்டூர் அணையின் கட்லாவும் ஜிலேபியும்தான். கடல் மீனைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிடப் பழகினேன். என் மனைவிக்குக் குளச்சல் பக்கம். மாமனார் கடலுக்குப் போனவர். "எங்க அப்பா வலையில சிங்கி வராத வருஷமே கிடையாது. ஆனா ஒரு முழு சிங்கிய நான் தின்னதே இல்ல. கால் ஒடிஞ்சது, வியாபாரி வேண்டாம்னு ஒதுக்கினதுதான் வீட்டுக்கு வரும். அதையும் அம்மா ஏழு பேருக்குக் குழம்பு வெச்சிருவாங்க" என்று லாப்ஸ்டரைப் பற்றி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் மறந்துவிட்டாள். எனக்கு அது மனசிலேயே கிடக்கிறது.

அடுத்த மாதம் எங்களுக்குப் பத்தாவது கல்யாண நாள். மகளுக்கு ஏழு வயது, ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவாள். அதன் பிறகு நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட, நானே சிங்கி சமைக்கலாம் என்றிருக்கிறேன். போன வருஷம் அவள் ஊருக்குப் போயிருந்தபோது ஒருமுறை முயன்று பார்த்தேன். பாக்கெட்டில் வந்த சிங்கி வாலை இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, தயிர் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, மட்டன் தொக்கு மாதிரி இருபது நிமிடம் வேகவைத்தேன். கடிக்க முடியவில்லை. வேகவில்லையோ என்று இன்னும் பத்து நிமிடம் வைத்தேன். கடைசியில் ரப்பர்தான்.

இப்போது 180 கிராம் அளவில் இரண்டு வாலுக்குக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டில் ஓவன் கிடையாது. இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, இரும்புத் தோசைக்கல், இட்லிப் பானை, இவ்வளவுதான். எப்படி வெட்டுவது, எவ்வளவு நேரம் வைப்பது, என்ன மசாலா, சாயங்காலமே செய்து வைத்துவிடலாமா? கடற்கரையில் பிறந்தவளுக்கு நான் சிங்கி சமைத்துப் போடுவதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.

வாசகர், கோவை

பதில்:

தம்பி, தங்கச்சி சொன்னது எனக்குப் புதிதில்லை. நான் பிறந்தது முட்டத்துக்குப் பக்கத்தில். எங்கள் கரையிலும் இதே கதைதான். சிங்கிவலையில் விழுந்ததை மீசை ஒடியாமல் பிரித்தெடுத்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவருவார்கள். கரையில் கால் வைத்ததும் வியாபாரி எடை போட்டு வாங்கிப் போய்விடுவார். உயிரோடு விமானம் ஏறி வெளிநாட்டுக்குப் போகிற பொருளை வீட்டு அடுப்பில் ஏற்ற எந்த அப்பாவுக்கு மனம் வரும்? பள்ளிக்கூடக் கட்டணமும் வலைக்கடனும் அதில்தான் அடைய வேண்டும். குழம்புச் சட்டியில் கரண்டி விட்டுத் தேடி, ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் விரல் நீளத் துண்டை உறிஞ்சித் தின்றதுதான் நாங்கள் சிங்கி தின்ற விதம்.

அதனால் நான் முதலில் சொல்ல வருவது, அன்றைக்குக் குழம்பு வைக்காதீர்கள், தொக்கும் வேண்டாம். முழு வால், ஓட்டோடு, ஆளுக்கு ஒன்று. மசாலா அரைக்கவே வேண்டாம். தங்கச்சிக்குச் சிங்கிக் குழம்பின் ருசி தெரியும். சிங்கியின் ருசி எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்காது. அது இனிப்பான கறி தம்பி. இறாலின் இனிப்பைவிட ஒரு பங்கு கூடுதல், நண்டின் இனிப்பைவிடக் கொஞ்சம் அடக்கம். மிளகாய்த்தூள் அரை ஸ்பூன் விழுந்தாலே அந்த இனிப்பு காணாமல் போய்விடும்.

போன வருஷம் ரப்பர் ஆனதற்குக் காரணம் நீங்கள் மட்டன் கணக்குப் போட்டது. ஆட்டுத் தொடைக்கறியில் தசையைக் கட்டிப் பிடித்திருக்கும் சவ்வு நிறைய உண்டு. கொலாஜன் என்பார்கள். நீண்ட நேரம் சூடு பட்டால்தான் அது கரையும். அதனால்தான் ஆட்டுக்கறி முதலில் விறைத்து, பிறகு வேகவேகப் பஞ்சாகிறது. கடிக்க முடியவில்லை என்றால் இன்னும் பத்து நிமிடம் வைப்பது அங்கே சரி. சிங்கி வாலில் அந்தச் சவ்வு மிகவும் குறைவு. 50 டிகிரியைத் தாண்டும்போதே அதன் புரதம் இறுகத் தொடங்கும். 60, 63 டிகிரிக்குள் வெந்து முடிந்துவிடும். 70-ஐத் தாண்டினால் துணியைப் பிழிவதுபோல் தன் நீரையெல்லாம் தானே பிழிந்து வெளியே தள்ளிவிடும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் வைத்தாலும் மெதுவாகாது, விறைத்தது விறைத்ததுதான். எலுமிச்சையும் தயிரும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தது இன்னொரு தப்பு. அடுப்பில் ஏறுவதற்கு முன்பே புளிப்பு அந்தச் சதையைக் கெட்டியாக்க ஆரம்பித்துவிடும். எலுமிச்சை கடைசியில்தான், அதுவும் தட்டில் வைத்த பிறகுதான்.

சாயங்காலமே செய்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. எனக்குக் கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு விருந்து வந்தது. ஆறு வாலைப் பதமாக வாட்டி இறக்கினேன். விருந்தாளிகள் வர நேரமாகும் என்றதும், சூடு ஆறிவிடக் கூடாதே என்று ஹாட்பாக்ஸில் அடுக்கி மூடிவைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் அடியில் அரை டம்ளர் தண்ணீர் நிற்கிறது. அத்தனையும் கறிக்குள் இருக்க வேண்டிய தண்ணீர். மேலே கிடந்த கறி சுருங்கி ஓட்டைவிட்டு விலகியிருந்தது. அடுப்பில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை, மூடிவைத்த சூடு அதை மேலும் வேகவைத்துவிட்டது. அன்றிலிருந்து சிங்கியை நான் காக்கவைத்ததில்லை. ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் கல்லே ஏறும்.

இதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு இது நல்லதுதான். மற்ற வேலையெல்லாம் முடித்து, மகளும் தூங்கின பிறகு, தங்கச்சியை அடுப்படிக்கே கூப்பிட்டு உட்காரவையுங்கள். கல்லில் வால் கிடக்கும் நேரம் ஐந்தாறு நிமிடம்தான். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சமைத்து, அந்தச் சூட்டிலேயே இரண்டு பேரும் சாப்பிட வேண்டும்.

இனி வாங்குவது. கோவையில் உக்கடம் மார்க்கெட்டில் எப்போதாவது முழு சிங்கி ஐஸில் கிடக்கும். உயிர் இல்லாத முழு சிங்கி என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. உயிர் போனதும் அதன் தலைப் பகுதியில் இருக்கும் செரிமான நீர் பக்கத்தில் உள்ள சதையைக் கரைக்க ஆரம்பிக்கும். எப்போது செத்தது என்று தெரியாத சிங்கியை வாங்கி வந்தால் வால் சதை மாவாகப் பிசுபிசுக்கும், எந்தச் சமையலாலும் அதைக் காப்பாற்ற முடியாது. பிடித்த கையோடு தலையை நீக்கி உறையவைத்த வால் அதைவிட நம்பகமானது. நீங்கள் சொல்லிவைத்தது நல்ல முடிவு.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஓட்டுக்கு வெளியே தெரியும் சதை லேசான சாம்பல் கலந்த வெள்ளையாக, கண்ணாடிபோல் இருக்க வேண்டும். மஞ்சள் பாய்ந்து, ஓரம் காய்ந்து பஞ்சுபோல் இருந்தால் பல மாதம் ஃப்ரீஸரில் கிடந்தது. வாலின் மேல் பனிக்கட்டி கனமாகப் படிந்திருந்தால், நீங்கள் தண்ணீருக்கும் சிங்கி விலை கொடுக்கிறீர்கள், உறையில் நிகர எடை எவ்வளவு என்று பாருங்கள். பனி விட்ட பிறகு கடல் வாசம் வரலாம், மூக்கைக் குத்தும் அமோனியா வாடை வந்தால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

180 கிராம் வால் என்றால் அரைக் கிலோவை ஒட்டிய சிங்கியிலிருந்து வந்தது. நம் முள் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது, தின்கிற கறி பெரும்பாலும் வாலில்தான். உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. (படங்களில் நீங்கள் பார்க்கும் பெரிய கொடுக்கு வைத்தது அட்லாண்டிக் கடலின் வேறு இனம்.) விலை குறைவு என்று விரல் நீள வால்களை ஒரு கிலோ கட்டிக் கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். ஏற்றுமதிக்கு இத்தனை எடைக்குக் குறைந்த சிங்கி கூடாது என்று 2003-இல் மத்திய அரசு வரம்பு வைத்தது. நம் கரையில் அதிகம் விழும் பானுலிரஸ் ஹோமாரஸ் வகைக்கு 200 கிராம், பெரிதாக வளரும் ஆர்னேட்டஸ் வகைக்கு 500 கிராம். வரம்புக்குக் கீழே உள்ளது உள்ளூர்ச் சந்தைக்கு வந்துவிடுகிறது. ஒரு சிங்கிக் குஞ்சு முட்டையிலிருந்து வந்த பிறகு பல மாதம் கண்ணாடித் தாள்போல் கடலில் மிதந்து அலைந்துதான் கரைப் பாறையில் வந்து சேர்கிறது. ஒருமுறைகூட முட்டையிடாத சிங்கியைத் தின்றுவிட்டால், தங்கச்சியின் ஊர்க்காரர்களுக்கு அடுத்த வருஷம் வலையில் என்ன விழும்?

வாலை முதல்நாள் ராத்திரியே ஃப்ரீஸரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். தண்ணீர் சொட்டும், அடியில் தட்டு வையுங்கள். மறந்துவிட்டால், பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் அமுக்கிவைத்தால் போதும். வெந்நீரும் மைக்ரோவேவும் வேண்டாம், வெளிப்புறம் வெந்து உள்ளே கல்லாக இருக்கும்.

வெட்டுவதற்கு ஒரு நல்ல சமையல் கத்தரிக்கோலும் கனமான கத்தியும் வேண்டும். ஓட்டின் பக்கவாட்டில் முள் இருக்கிறது, உள்ளங்கையைக் கிழித்துவிடும். ஒரு தடித்த துணியால் வாலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலை இருந்த பக்கம் வெட்டுவாயில் கத்தரியை விட்டு, மேல் ஓட்டை நடுவாக, வால் விசிறி வரைக்கும் நேராக வெட்டிக்கொண்டு போங்கள். கத்தரியின் முனை சதைக்குள் போகாமல் ஓட்டை ஒட்டியே போகட்டும். பிறகு அந்தக் கோட்டில் கத்தியை வைத்து உள்ளங்கையால் ஓர் அழுத்து. அடியில் இருப்பது மெல்லிய சவ்வு ஓடுதான், எளிதில் பிளந்துகொள்ளும். இரண்டு பாதியாக விரித்தால் நடுவில் கறுப்பு நூல் ஒன்று ஓடும், அது குடல். அதை நகத்தால் கிள்ளி இழுத்தால் முழுசாக வந்துவிடும். எங்கள் ஊரில் முழு சிங்கி கிடைத்தால் வெட்டவே மாட்டார்கள். அதன் மீசையிலேயே ஒரு துண்டு ஒடித்து, வாலடித் துவாரத்தில் விட்டு ஒரு திருகு திருகி இழுப்பார்கள். மீசையில் இருக்கும் சின்னச் சின்ன முள் குடலைப் பற்றிக்கொண்டு வெளியே கொண்டுவந்துவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். தங்கச்சியும் பார்த்திருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

ஓட்டுத் துகள் இல்லாமல் ஒருமுறை லேசாக அலசி, சுத்தமான துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு கல்லில் போட்டால் ஆவியில் வெந்து வெளுத்துக் கிடக்கும், பொன்னிறம் வராது. ஒரு ஸ்பூனை ஓட்டுக்கும் சதைக்கும் நடுவில் விட்டு, வால் விசிறிப் பக்கம் மட்டும் ஒட்டியிருக்கும்படி மீதியைத் தளர்த்திவிட்டால் சாப்பிடும்போது போராட வேண்டியதில்லை. உப்பும் மிளகும் கல்லில் போடுவதற்குச் சற்று முன்னால்தான். உப்பு கம்மி. உறையவைத்த வாலில் ஏற்கனவே கொஞ்சம் உப்பு ஏறியிருக்கும்.

வெண்ணெய்க்குழைவை முன்னாலேயே தயாராக வைத்துக்கொள்ளலாம். உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், நாட்டுப் பூண்டு ஐந்து பல், இடித்த மிளகு அரை ஸ்பூன். பூண்டைப் பொடியாக நறுக்கி, சின்னப் பாத்திரத்தில் மிகச் சிறு தீயில் வெண்ணெயோடு உருகவிடுங்கள். பூண்டின் பச்சை வாசம் போனால் போதும், சிவந்தால் கசக்கும். மேல்நாட்டில் உருக்கித் தெளியவைத்த வெண்ணெயைத் தொட்டுக்கொள்ளக் கொடுப்பார்கள். அது கிட்டத்தட்ட நம் நெய்தான், முறுகுவதற்கு முன் இறக்கிய நெய். அப்படியானால் நெய்யையே ஊற்றலாமே என்று கேட்பீர்கள். நன்றாகக் காய்ச்சிய ஊர் நெய்யின் வாசம் சிங்கிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், எனக்கு அது பிடிக்காது. கறிவேப்பிலை நான் போடுவதில்லை. அவளுக்குப் பிடிக்கும் என்றால் நான்கு இலை போடுங்கள், அது உங்கள் வீட்டு விஷயம்.

இப்போது அடுப்பு. தோசைக்கல் தட்டையாக, எண்ணெய் பழகினதாக இருக்கட்டும். மிதமான தீயில் நன்றாகக் காயவையுங்கள். கல்லில் முதலில் வெண்ணெயை விடாதீர்கள், அதில் இருக்கும் பால் சத்து கறுத்துவிடும். செக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு ஸ்பூன் விட்டுத் தேய்த்துவிடுங்கள். குளச்சல்காரிக்கு அந்த வாசம் வந்ததுமே பாதி மனம் நிறைந்துவிடும்.

நான்கு பாதிகளையும் சதைப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். சுர்ரென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கல் காயவில்லை, எடுத்துவிட்டுக் காத்திருங்கள். சூடு பட்டதும் வால் சுருளப் பார்க்கும். தோசைத் திருப்பியால் மெல்ல அரை நிமிடம் அமுக்கிப் பிடித்தால் அடங்கிவிடும். பிறகு தொடாதீர்கள். இரண்டு நிமிடம் ஆனதும் ஒன்றைத் தூக்கிப் பாருங்கள், சதையின் மேல் ஆங்காங்கே பொன்னிறம் ஏறியிருந்தால் எல்லாவற்றையும் திருப்பி, ஓட்டுப்பக்கம் கீழே வையுங்கள். தீயைக் குறையுங்கள். இனிமேல் ஓடுதான் பாத்திரம். உருக்கிய வெண்ணெயை ஸ்பூனால் அதில் வார்த்து, குழிவான பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்து மூடுங்கள். மூன்று நிமிடம்.

ஓடு சிவந்துவிட்டது, ஆகவே வெந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பச்சையில் கரும்பச்சையாகவும் பழுப்பாகவும் இருக்கும் ஓட்டுக்குள் அந்தச் சிவப்பு ஏற்கனவே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்துவைத்திருக்கிறது. சூடு பட்டதும் புரதம் கைவிட, சிவப்பு வெளியே வருகிறது. அது ஓட்டில் சூடு ஏறியதைச் சொல்லும், நடுச்சதை வெந்ததைச் சொல்லாது. நீங்கள் பார்க்க வேண்டியது சதையை. பச்சையில் அது நுங்குபோல ஒளி ஊடுருவ இருக்கும். வேகவேக ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே நடுவுக்கு வரும். தடித்த இடத்தை முள்கரண்டியால் லேசாகப் பிளந்து பாருங்கள். முழுவதும் இளந்தேங்காய்போல வெளுத்து, பிளந்த இடத்தில் ஈரம் மின்னினால் அந்த நொடியே கல்லைவிட்டு இறக்கிவிட வேண்டும். நடுவில் ஒரு நூல் அளவுக்கு இன்னும் நுங்காக இருந்தால் மூடி இன்னும் அரை நிமிடம். மொத்தமும் வறண்டு, நார்நாராகப் பிரிந்தால் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சமையல் வெப்பமானி வைத்திருந்தால் வேலை சுலபம். தடித்த இடத்தில் 60 காட்டும்போது இறக்கினால், தட்டில் இருக்கும் சூட்டிலேயே மீதி மூன்று டிகிரி ஏறிவிடும்.

நான் சொல்லும் நிமிடக் கணக்கு உங்கள் கல்லின் கனத்துக்கும் உங்கள் பர்னருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே போகும். அதனால்தான் ஒத்திகை பார்க்கச் சொல்கிறேன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே. பெரிய புலி இறால் நான்கு வாங்கி, ஓட்டோடு முதுகில் பிளந்து, இதே கல்லில் இதேபோல் செய்து பாருங்கள். நேரம் பாதிதான் ஆகும், ஆனால் நுங்கு தேங்காயாகும் அந்த மாற்றம் ஒன்றேதான். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு கடிகாரம் தேவைப்படாது.

கல்லில் செய்யத் தயக்கமாக இருந்தால் இட்லிப் பானை இருக்கவே இருக்கிறது. பிளக்காமல் முழு வாலாக, பச்சைத் தென்னோலையிலிருந்து கிழித்த இரண்டு ஈர்க்குகளை நீளவாக்கில் சதைக்குள் செருகினால் சுருளாது. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு உள்ளே வைத்து மூடி, 180 கிராமுக்கு ஏழெட்டு நிமிடம். இதுவும் ருசிதான், இன்னும் மென்மையாகக்கூட இருக்கும். ஆனால் அந்தப் பொன்னிற ஓரமும் தேங்காய் எண்ணெய் வாசமும் கிடைக்காது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கல்லைத்தான் ஏற்றுவேன்.

கூட என்ன? கொஞ்சமாகப் போதும். தேங்காய்ப்பால் சோறு ஒரு பிடி, அல்லது ஆப்பம். வெள்ளரிக்காயும் சின்ன வெங்காயமும் நறுக்கி உப்பு எலுமிச்சை போட்டது ஒரு கிண்ணம். பிரியாணி, வறுவல் என்று அடுக்காதீர்கள், ஒரு வால் தின்கிற வயிறு அதற்குள் நிறைந்துவிடும். பிறகு சாப்பிட இளநீர் புட்டிங் காலையிலேயே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம். மேஜையில் மெழுகுவத்தி ஏற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். ஏற்றுங்கள், ஆனால் பக்கத்தில் ஒரு விளக்கும் எரியட்டும். ஓட்டுச் சில்லு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கைகழுவ வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டு ஒரு கிண்ணம் வையுங்கள். அவள் கையால்தான் சாப்பிடுவாள்.

தட்டில் வைத்ததும் மிச்ச வெண்ணெயை மேலே விட்டு, எலுமிச்சையைப் பக்கத்தில் வையுங்கள். பிழிவதா வேண்டாமா என்பது அவள் பாடு. முதல் வாய் எதுவும் பிழியாமல் தின்னச் சொல்லுங்கள்.

ஓடுகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ராத்திரியே அலசி ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் இடித்து, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வாசம் வரும்வரை வதக்கி, நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி இருபத்தைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஓட்டுக்கு நேரக் கணக்குப் பயமில்லை. துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரில் தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம் வைத்தால் அதற்கு ஈடு கிடையாது. மகளுக்கும் ஒரு டம்ளர் கொடுக்கலாம், இறாலும் நண்டும் ஏற்கனவே சாப்பிட்டு ஒத்துக்கொண்ட பிள்ளையாக இருந்தால். இறால் தின்று உடம்பு தடித்தது, உதடு வீங்கியது என்று ஒருமுறையேனும் நடந்திருந்தால் இந்த ரசமும் கூடாது. அந்த ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் எவ்வளவு கொதித்தாலும் அழிவதில்லை. பிள்ளைக்குத் தனியாக வேறு ரசம் வைத்துவிடுங்கள்.